கருவியும் கருத்தாவும்: கனரக இயந்திரம் திருத்துவோரின் பெட்டியும் ஊர்தியும்

மூன்றாம் வேற்றுமையின் பொருள் யாவை என்று வினாவினால், கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் மூன்றையும் கீழ்வகுப்பு மாணாக்கனும் தயங்காது சொல்வான். நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டு, இலக்கணச் சுருக்கமும் இயற்றித் தந்த ஆறுமுக நாவலர் பிறந்த நாட்டிலே இஃது ஒரு வியப்பன்று. ஆயின் அவன் காட்டும் உதாரணங்கள் பெரும்பாலும் குயவனையும் தச்சனையும் பற்றியனவாகவே இருக்கும். நாம் இக்கட்டுரையில் அவ்விதியை வேறொரு தொழிலின்மேல் வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். ‘ஸ்பானரால் நட்டைக் கழற்றினான்’ என்பதில் ஆல் உருபு கருவிப்பொருளில் வந்தது. ‘மெக்கானிக்கால் இயந்திரம் திருத்தப்பட்டது’ என்பதில் அதே உருபு கருத்தாப்பொருளில் வந்தது. ‘பெட்டியோடு தோட்டத்துக்குச் சென்றான்’ என்பதில் ஓடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வந்தது. கருவி எது, அதனை ஆளும் கருத்தா யார், கருத்தாவோடு உடன் செல்வது யாது என்னும் இம்மூன்று வினாக்களுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளே, கனரக இயந்திரம் திருத்தும் தொழிலின் வரலாறாம்.

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நிறைவிழா மலர்களிற் பழைய மாணவர் என்று பேச வருமிடத்து, வைத்தியரும் நியாயவாதிகளும் கணக்காளரும் நிரல்பட வந்து நிற்பர். அதே வாங்கில் இருந்து படித்து, பின்னர் கையிற் கிறீசுடன் தொழில் செய்து, ஊரின் நீரிறைப்பையும் உழவையும் போக்குவரத்தையும் நிலைநிறுத்தியவர் பெயரோ அருகியே காணப்படும். அவர்தம் தொழிலும் ஒரு கல்வியே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் ஒரு நோக்கம். அக்கல்வி இன்று நம் கண்முன்னே கைமாறிக்கொண்டிருக்கின்றது என்பதை எடுத்துரைத்தல் மற்றொரு நோக்கம்.

1. கம்மாலைக் காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரம் நீர் காண்பது. பெய்யும் மழையைச் சுண்ணாம்புக் கற்பாறை உள்வாங்கி வைத்திருக்க, மக்கள் கிணறு தோண்டி அந்நீரை இறைத்தே பயிர் செய்து வந்தனர். அதற்கு உதவிய இயந்திரம் துலா. ஆடுகாலின்மேல் ஏறியமைந்த துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் கீழே நின்று பட்டையைக் கவிழ்க்க, நீர் வாய்க்காலில் ஓடும்.

இந்த இயந்திரத்தைத் திருத்துவதற்குத் தனித்தொழிலாளர் வேண்டப்படவில்லை. மரவேலையைத் தச்சர் பார்த்தனர். அச்சையும் வளையத்தையும் கொல்லர் பார்த்தனர். கொல்லரின் கம்மாலையில் துருத்தியும் பட்டடையும் சம்மட்டியும் குறடும் அரமும் இருந்தன. அக்கருவிகளுட் பலவற்றைக் கொல்லர் தம் கையாலேயே அடித்துக்கொண்டனர். ஆகவே அக்காலத்தில் இயந்திரத்தின் உறுப்பைச் செய்தவனும், அது பழுதானபோது திருத்தியவனும், திருத்துதற்குரிய கருவியைச் செய்தவனும் ஒருவனே. கருவிக்கும் கருத்தாவுக்கும் இடையே பிறர் எவரும் இலர். பழுதான உறுப்பு கம்மாலையைத் தேடி வந்ததேயன்றி, கம்மாலை அதனைத் தேடிப் போகவில்லை. இந்நிலை மாறிய விதத்தை இனிக் காண்போம்.

2. சைக்கிளிற் சென்ற பட்டறை

1950 ஆம் ஆண்டுகளில் மண்ணெண்ணெயால் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டுத் தோட்டங்களிற் பரவலாயின. துலாவிற்கு ஆள்வலு போதும். இவ்வியந்திரத்திற்கோ வால்வும் பிஸ்ரனும் காபரேற்றரும் தீப்பொறி தரும் பிளக்கும் உண்டு. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் நீர் நின்றுவிடும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நாளைக்கு வருகின்றேன் என்று சொல்லும் மெக்கானிக்கிற்காகக் காத்திருப்பனவல்ல. வெயிற்காலத்தில் இறைப்புத் தவறினால் ஒரு போகத்தின் உழைப்பு பாத்தியிலேயே வாடும். ஆதலின் திருத்துபவன் தன் பெட்டியோடு தோட்டத்துக்குச் செல்லுதல் வழக்கமாயிற்று. உடனிகழ்ச்சி என்னும் பொருள் இங்கேதான் இத்தொழிலினுட் புகுந்தது எனலாம்.

சைக்கிளின் பின்புறத்திற் கட்டிய அந்தப் பெட்டியில் இருந்தவை சிலவே: வேறுவேறு அளவுள்ள ஸ்பானர்கள், பிளக் கழற்றும் குழற்சாவி, திருப்புளி, குறடு, சுத்தியல், அரம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், வால்வு தேய்க்கும் பசை. எஞ்சியவை அவன் கையிலும் காதிலும் இருந்தன. வால்வைத் தேய்க்கும்போது அதன் தண்டை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து, தீக்கடைகோல் கடைவது போல முன்னும் பின்னும் உருட்டுவான். இருக்கையில் மங்கிய சாம்பல்நிற வளையம் ஒன்று முறிவின்றித் தோன்றுமாயின் வாயு கசியாது என்பது அவன் கண்ட கணக்கு. இரு இரும்பு முகங்களுக்கு நடுவே வைக்கும் காஸ்கற் கிடையாதபோது, தடித்த கடதாசி மட்டையை அம்முகத்தின்மேல் விரித்து, விளிம்பு நெடுகச் சுத்தியலால் மெல்லத் தட்டியே வேண்டிய வடிவை வெட்டி எடுப்பான்.

நோயறியும் முறையும் இவ்வாறே. புகை கரியதாயின் எரிபொருள் மிகுதி, அன்றேற் காற்றுக் குறைவு. நீலமாயின் மசகெண்ணெய் அறைக்குட் புகுந்து எரிகின்றது. டீசல் இயந்திரத்தில் வெண்புகை விடாது வருமாயின் எரிபொருள் எரியாமற் போகின்றது, அல்லது நீர் கலக்கின்றது. நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, எந்தத் தாங்கியிலே தட்டொலி பிறக்கின்றது என்று கேட்டறிவான். வைத்தியர் நாடி பார்ப்பதற்கும் இதற்கும் முறையால் வேறுபாடில்லை.

3. பட்டறை லொறி

நீரிறைக்கும் இயந்திரத்தை நால்வர் கூடித் தூக்கலாம். தூக்கவியலாத இயந்திரங்களும் குடாநாட்டுக்கு வந்தன. கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராக ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் விளங்கிய காலத்தில், 1950 ஆம் ஆண்டு, காங்கேசன்துறையிற் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, வாரி, ஏற்றி, நொறுக்கி, அரைத்து, களிமண்ணோடு கலந்து சூளையில் இடுவது அத்தொழிலின் முறை. சீமெந்துச் சூளை என்பது உள்ளே தீச்செங்கல் பதித்த, சற்றே சாய்ந்து கிடக்கும் நெடிய இரும்புக் குழாய். அதன் உட்பொருள் ஏறக்குறைய 1450 பாகை சதமளவு வெப்பத்தில் உருகுநிலையை அணுகும். கொதிக்கும் சூளை சுழலாது நின்றுவிட்டாற் குழாய் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். ஆகவே பிரதான மோட்டார் நின்றவிடத்தும் துணை இயந்திரத்தால் அதனை மெல்லச் சுழற்றிக்கொண்டே பழுதைத் திருத்தல் வேண்டும். இத்தகைய இடத்தில் திருத்துபவன் இயந்திரத்தைத் தேடி ஓடுவதன்றி வேறு வழியில்லை.

உலகின் பிற பாகங்களிலும் இதே காரணமே பட்டறை லொறியைத் தோற்றுவித்தது. அமெரிக்காவிற் பெஞ்சமின் ஹோல்ற் 1904 இல் சங்கிலித்தடத்தில் ஊரும் உழவு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1925 இற் பிறந்த கற்றபிலர் கம்பனி 1931 இல் டீசலால் இயங்கும் தட இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. காட்டிலும் மலையிலும் பாலையிலும் நின்று தொழில் செய்யும் இவ்வகை இயந்திரம் பழுதுபட்டால் அதனைக் கட்டி இழுத்து வருதல் பெரும்பாடு. இரண்டாம் உலகப்போர் இத்தேவையைப் பன்மடங்காக்கிற்று. 1942 இற் பிரித்தானிய இராணுவம் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனிப்படை ஒன்றை அமைத்தது. கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், மின்பிறப்பாக்கி ஆகியவற்றை முதுகிற் சுமந்த லொறிகள் போர்முனைக்குச் சென்றன. பலாலி விமானத்தளமும் அப்போர்க்காலத்தில் எழுந்ததே.

போருக்குப் பின்னர் அந்த லொறி குடிமக்கள் தொழிலுக்கு உரியதாயிற்று. முதற்பருவத்தில் அது திறந்த லொறியே: தட்டில் ஒரு மரப்பெட்டி, சங்கிலிக் கப்பி, பாரந்தூக்கும் ஜக், வாயு வெட்டுக் குழாய், ஒரு பீப்பா எண்ணெய். இரண்டாம் பருவத்தில் இரும்பு அறைகளும் இழுப்பறைகளும் அமைந்து, காற்றமுக்கி, வெல்டிங் மின்பிறப்பாக்கி, எண்ணெயால் இயங்கும் சிறு பாரந்தூக்கி, சுருண்டிருக்கும் கிறீஸ்க் குழாய்கள் என்பன ஏறின. மூன்றாம் பருவமாகிய இக்காலத்தில் மின்கலத்தால் இயங்கும் முடுக்கிகளும், மடிக்கணினியும் சேர்ந்தன. முன்னர் இருவர் நீண்ட குழாயைப் பிடியிற் செருகித் தொங்கிக் கழற்றிய தடச்சங்கிலி நட்டை, இன்று ஒருவன் கைப்பிடியளவான முடுக்கியாற் சில வினாடியிற் கழற்றுகின்றான். எனினும் பூட்டும்போது அதே வேகம் ஆகாது. முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பானரால், குறித்த அளவுக்கு மேலும் கீழும் போகாமற் பூட்டல் வேண்டும். மிகை முறுக்கும் குறை முறுக்கும் ஆணியை முறிக்கும் என்பது இத்தொழிலின் பாலபாடம்.

குடாநாட்டிலோ பெரிய பட்டறை லொறி அருகியே ஓடிற்று. கராச் வளவில் நின்ற வேம்பின் கொம்பரே பலருக்குப் பாரந்தூக்கி. அதிற் சங்கிலிக் கப்பியைக் கட்டி எஞ்சினைத் தூக்கினர். மரமில்லாத இடத்தில் மூன்று கால்களை நாட்டி உச்சியைப் பிணைத்துக்கொண்டனர்.

4. ஒரு பெட்டியில் மூன்று அளவுகள்

எம்மவர் கருவிப்பெட்டியைத் திறந்து பார்ப்பவர்க்கு அது ஒரு சரித்திர நூலாகவும் பயன்படும். 1841 இல் யோசேப்பு விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் திருகாணிகளின் புரிகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றியவாறு புரி வெட்டிற்று. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் ஆணிக்குப் பொருந்தாது. விற்வேர்த் முறையிலான ஸ்பானரில் எழுதப்பட்டிருக்கும் எண் ஆணித்தண்டின் விட்டத்தைக் குறிக்கும். பின்னர், 1948 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒரு பொதுப்புரிக்கு உடன்பட்டன. அவ்வகை ஸ்பானரில் எழுதியிருக்கும் எண்ணோ நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையேயுள்ள அகலத்தைக் குறிக்கும். ஆகவே அரை அங்குலம் என்று எழுதிய இரண்டு ஸ்பானர்கள் ஒரே நட்டுக்குப் பொருந்தமாட்டா. இதனை அறியாத மாணாக்கன் எண்ணை நம்பி மயங்குவான்; அறிந்தவன் எந்த நாட்டு இயந்திரம் என்று முதலிற் கேட்பான்.

பிரித்தானியாவிலிருந்து வந்த மசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் அங்குல அளவைக் கொணர்ந்தன. லாண்ட்மாஸ்ரர் என்பது ஆங்கிலக் கம்பனி ஒன்றின் பெயர். யப்பானிலிருந்து குபோட்டா முதலிய இருசில்லு உழவு இயந்திரங்கள் வந்த பின்னரும் எம்மவர் அவற்றையும் லாண்ட்மாஸ்ரர் என்றே அழைத்தனர். பெயர் ஆங்கிலப் பெயராய் நிலைத்தது. நட்டோ மில்லிமீற்றராய் மாறிற்று. அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், ஆகவே 13 மில்லிமீற்றர் ஸ்பானர் அந்நட்டிற் புகும். புகுந்தாலும் சற்றுத் தளர்ந்தே நிற்கும். வலிந்து முறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கும். முக்கால் அங்குலமும் 19 மில்லிமீற்றருமோ ஏறத்தாழ ஒன்றே. அங்கே ஒன்றுக்கு மற்றொன்று உதவும். எங்கே ஒத்துப்போகலாம், எங்கே ஒத்துப்போகலாகாது என்னும் இந்த அறிவு, சொற்களின் புணர்ச்சியில் இயல்பையும் விகாரத்தையும் பிரித்தறிவதை ஒத்தது.

5. முட்டுப்பாட்டுக் காலம்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. தேசிய மின்வலையின் தொடர்பு அறுந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஓய்ந்தது. எரிபொருள், மின்கலம், உதிரிப்பாகம் என்பன குடாநாட்டினுள் வருதல் தடைப்பட்டது. திருத்துபவனின் ஊர்தி ஓடவில்லை. பெட்டியிற் புதிய பொருள் ஏறவில்லை. கருவி குன்றிய அவ்விடத்திற் கருத்தா எவ்வளவு பெரியவன் என்பது வெளிப்பட்டது.

பெற்றோலில் ஓடும் மோட்டார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தமை அக்காலத்தில் வாழ்ந்த யாவரும் அறிந்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே கிடைத்தற்கரிய பெற்றோலிற் சில துளிகளை விட்டு முடுக்கி, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெயால் எஞ்சினில் முட்டொலி தோன்றும். அதனைத் தணிக்கத் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுதல் வேண்டும். எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனை அறிந்து எண்ணெயை அடிக்கடி நோக்கல் வேண்டும். இவற்றையெல்லாம் அவர்களுக்கு எக்கம்பனியும் எழுதிக் கொடுக்கவில்லை. வால்வும் தீப்பொறியும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அடிப்படையில் அறிந்திருந்தமையால் தாமே கண்டுகொண்டனர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் அதே அறிவின் பயனே. 1950 களில் வந்த ஒஸ்ரின் கார்கள் அந்தக் காலத்தைத் தாண்டியும் யாழ்ப்பாண வீதிகளில் ஓடியமைக்கு, வாகனத்தின் உறுதி பாதிக் காரணம்; திருத்தியவர் கைத்திறம் மறுபாதி.

இவ்விடத்து ஒன்றைக் கருதல் வேண்டும். அந்த இயந்திரங்கள் திறந்த புத்தகம் போன்றவை. கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்றும் அவற்றில் இல்லை. ஸ்பானர் உள்ளவன் எதனையும் கழற்றலாம். அறிவுள்ளவன் எதனையும் பூட்டலாம். இன்று வந்திருக்கும் இயந்திரங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலுமா என்பதே அடுத்த வினா.

6. எண்ணெயின் வலிமை

போர் 2009 இல் முடிவுற்ற பின்னர் குடாநாட்டிற் கட்டுமானப் பணிகள் பெருகின. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்பட்டது. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை பாதை நீண்டது. வீதிக்கும் பாதைக்கும் கட்டடத்துக்கும் மண் வெட்டும் இயந்திரங்கள் வேண்டப்பட்டன. எம்மவர் இவற்றைப் பெக்கோ என்பர். யோசேப்பு சிறில் பாம்போர்ட் 1945 இற் தொடங்கிய ஜே.சீ.பி. கம்பனி 1953 இல் முன்னே வாரியும் பின்னே தோண்டியும் கொண்ட இயந்திரத்தை வெளியிட்டது. அவர் பெயரின் முதலெழுத்துக்களே இன்று ஊர்ச்சிறுவர் வாயிலும் வழங்குகின்றன. முகமாலைப் பகுதியில் மிதிவெடி அகற்றும் பணியிலும் கவசமிட்ட மண்வாரி இயந்திரங்கள் ஈடுபட்டன. அத்தகைய நிலத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், வெடி அகற்றிய தடத்தின் வழியாகவன்றி ஒருவரும் அதனை அணுகலாகாது. திருத்துபவன் தன் கருவிகளை எண்ணி எடுத்துச் செல்லல் வேண்டும்; மறந்த ஸ்பானருக்காக ஓடித் திரும்பும் இடம் அதுவன்று.

இவ்வியந்திரங்களின் கை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எவ்விடத்தும் குறையாது பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிற் பாஸ்கல் கண்ட விதியே அதற்கு அடிப்படை. காரின் ரயரில் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. பெரிய தோண்டியின் எண்ணெய்க் குழாயிலோ அது முந்நூறு மடங்குக்கும் மேற்படும். இங்கே பழைய பழக்கம் ஒன்று உயிருக்கே உலையாகும். முன்னாளில் எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவியறிந்தனர். இக்குழாயில் ஊசிமுனையளவு துளையிலிருந்து பீறும் எண்ணெய் தோலை ஊடுருவி உள்ளே செல்லும். காயம் சிறிய புள்ளியாகவே தோன்றும். நோவும் முதலிற் பெரிதாக இராது. ஆயினும் உடனே சத்திர வைத்தியரிடம் செல்லாவிடிற் கையை இழக்கவும் நேரும். எனவே கசிவைக் கையால் அன்று, மட்டைத் துண்டாலோ பலகைத் துண்டாலோ தேடல் வேண்டும். தூக்கிய வாளியை எண்ணெயின் வலியில் நம்பி நிறுத்திவிட்டு அதன் கீழே நுழைதலும் கூடாது; தாங்குகோல் கொடுத்த பின்னரே நுழைதல் வேண்டும். தொழில் பயிலும் மாணாக்கர் இவ்விரண்டையும் மறவாதிருப்பாராக.

மற்றொரு புதிய வழக்கமும் வந்துள்ளது. எஞ்சினிலிருந்து சிறு குப்பியில் எண்ணெய் எடுத்து ஆய்கூடத்துக்கு அனுப்புவர். அதில் இரும்புத்துகள் மிகுந்தால் உருளையோ பற்சக்கரமோ தேய்கின்றது. செம்பு மிகுந்தால் தாங்கி தேய்கின்றது. சிலிக்கன் மிகுந்தால் காற்று வடிகட்டியைக் கடந்து புழுதி புகுகின்றது. எமது செம்பாட்டு மண்ணின் புழுதியில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு இம்மூன்றாவது சோதனை மிகவும் வேண்டற்பாலது. உடைந்த பின் திருத்துவது பழைய முறை. உடையுமுன் அறிவது இம்முறை.

7. கருவி கருத்தாவாகலாமா?

இப்பொழுது வரும் டீசல் இயந்திரங்களில் எரிபொருள் பாய்வதை ஒரு மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்துகின்றது. இயந்திரத்தின் பல இடங்களிலும் பொருத்திய உணரிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் வேகத்தையும் அப்பெட்டிக்குத் தெரிவிக்கும். அளவு பிறழ்ந்தால் அது ஒரு குறியீட்டு எண்ணைப் பதிந்து வைக்கும். திருத்துபவன் மடிக்கணினியைத் தொடுத்து அந்த எண்ணை வாசிப்பான். இதனாற் புகை குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று, நாட்கணக்கான தேடல் நிமிடக்கணக்காயிற்று. இந்நன்மைகளை மறுத்தல் நேர்மையன்று.

ஆயின் அந்த எண் உரைப்பது யாது? எரிபொருள் அழுத்தம் குறைவு என்று எண் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வடிகட்டி அடைபட்டிருக்கலாம், உறிஞ்சும் குழாயிற் காற்றுப் புகலாம், பம்பி தளர்ந்திருக்கலாம், எரிபொருள் சீறும் முனை கசியலாம், உணரியே பிழைபட்டும் இருக்கலாம். பெட்டி அறிவித்தது காரியத்தை, காரணத்தை அன்று. காரணத்தை ஆராய்வது மனிதன் கடன். எண்ணை மட்டும் நம்புபவன் விலையுயர்ந்த உணரியை மாற்றுவான். பழுது மறுநாளும் இருக்கும். தொழிலறிந்தவன் முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பான்.

உரைகாரர் கருத்தாவை இயற்றுதற் கருத்தா எனவும் ஏவுதற் கருத்தா எனவும் இருவகைப்படுத்துவர். தானே செய்பவன் இயற்றுதற் கருத்தா. பிறரைச் செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. பெட்டி சொன்னபடி உறுப்பை மாற்றுவதே தொழில் என்று ஆகுமிடத்துப் பெட்டி ஏவுதற் கருத்தாவாகின்றது. மனிதன் அதன் ஏவலைச் செய்யும் கையாக நின்றுவிடுகின்றான். கருவிக்கும் கருத்தாவுக்கும் உருபு ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை இலக்கணம் நமக்கு வற்புறுத்துவது வீணன்று.

இன்னும் ஒரு தடை உண்டு. சில இயந்திரங்களில் மாற்றிய உறுப்பைப் பெட்டி ஏற்றுக்கொள்வதற்கும் செய்தவர் கம்பனியின் மென்பொருள் வேண்டும். அது கையிலில்லாத ஊர்மெக்கானிக் பழுதை அறிந்தும் திருத்தவியலாது நிற்பான். அமெரிக்காவிலும் உழவர் இதனை எதிர்த்து வழக்காடினர். கொலராடோ மாநிலம் 2023 இல் ஒரு சட்டம் இயற்றி, விவசாய இயந்திரங்களைத் திருத்துதற்கு வேண்டிய கருவி, உறுப்பு, மென்பொருள், கைந்நூல் என்பவற்றை உரிமையாளர்க்கும் தனித்தொழிலாளர்க்கும் கொடுத்தல் வேண்டும் என விதித்தது. அச்சட்டம் 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. செல்வம் மிக்க நாட்டின் உழவர்க்கே இது வழக்கான பொருளாயின், 1990 இற் கைத்திறத்தால் உயிர் தரித்த எமக்கு இஃது எத்துணை முக்கியமான பொருள் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மீண்டும் ஒரு முட்டுப்பாடு வருமாயின், பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயால் ஓட்டிக் காட்டுவார் யார்?

8. நாம் செய்யத்தக்கன

பழைய பெட்டியே சிறந்தது, புதிய கணினி வேண்டா என்று நாம் சொல்ல வந்தோமல்லேம். காதாற் கேட்டவனுக்குக் கணினியும், கணினி கற்றவனுக்குக் காதும் வேண்டும் என்பதே எமது துணிபு. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும், யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியும் புதிய கல்வியைத் தருகின்றன. பழைய கல்வியைத் தரும் ஆசிரியர்களோ எழுத்தில் ஒன்றும் வையாது கராச்சுகளில் முதுமை அடைகின்றனர். அவர்கள் மறைந்தால் நூலகத்தில் தேடியும் அதனைப் பெறவியலாது.

ஆதலின் மூன்று பணிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, தொழிலாளர் வழங்கும் சொற்களைத் தொகுத்தல். பட்டடை, துருத்தி, அரம், குறடு, திருப்புளி, ஆடுகால் என்னும் தமிழ்ச் சொற்களும், பெக்கோ, ஜக், காஸ்கற் என்று வந்து குடியேறிய சொற்களும், அவற்றோடு சேர்ந்த செய்முறையும் ஒரு நூலாதல் வேண்டும். தமிழ் கற்கும் மேல்வகுப்பு மாணாக்கர் விடுமுறையில் ஆளுக்கு ஒரு கராச்சுக்குச் சென்று கேட்டெழுதின், ஈராண்டில் இது முடியும். இரண்டாவது, பட்டறை நடத்தும் பழைய மாணவர் பாடசாலைக்கு வந்து தம் பெட்டியைத் திறந்து காட்டிப் பேசுதல். பாஸ்கலின் விதியைக் கரும்பலகையில் எழுதும் விஞ்ஞான ஆசிரியர்க்கும் அஃது உதவியாகும். மூன்றாவது ஆசிரியராகிய எமக்கே உரியது. படிப்பு ஏறாத பிள்ளை கராச்சுக்குப் போகட்டும் என்று சொல்லும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறியவும், அளவிற் பிழையாமல் நிற்கவும், கேளாத ஒலியைக் கேட்கவும் வல்லவனே அத்தொழிலுக்கு உரியவன். மந்தமான மதிக்கு அங்கே இடமில்லை.

பெட்டி சைக்கிளில் ஏறியது. சைக்கிளிலிருந்து லொறிக்கும் கப் வாகனத்துக்கும் மாறிற்று. இப்பொழுது பெட்டிக்குள் ஒரு கணினியும் புகுந்தது. உடன் செல்வன இனியும் மாறும். அவற்றோடு செல்பவன் கருத்தாவாகவே செல்லுதல் வேண்டும். அவனை அவ்வாறு ஆக்குவது கல்வி. அக்கல்வியைக் கொடுப்பது நம் போன்றோர் கடன். பழைய மாணவரும் இன்றைய மாணாக்கரும் ஆசிரியரும் ஒருங்கு முயல்வோமாயின், அடுத்த நிறைவிழா மலரில் அத்தொழிலாளர் தம் கையாலேயே எழுதிய கட்டுரையை நாம் படித்து மகிழலாம்.